கோலார் தங்கவயல்: கிறிஸ்தவ மரபில் அழியாச் செல்வம்

அழியாச் செல்வம் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன போதனை (மத்தேயு 6:19-21). பூச்சிக்கும் துருவுக்கும் திருடருக்கும் எட்டாத செல்வத்தைப் பரலோகத்தில் சேர்க்கச் சொல்கிறது அது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இதைக் கேட்டவர்களுக்குத் தங்கம் வெட்டுவதே பிழைப்பு; வெட்டிய தங்கமோ அவர்களுடையதல்ல.

1880 முதல் இங்கே சுரங்கம் நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மூங்கில் தட்டி அடைத்த வீடுகளில், வரிசை வரிசையான ‘லைன்’களில் குடியிருந்தார்கள். தங்கத் திருட்டு என்ற சந்தேகம் எப்போதும் அவர்கள் மேல்தான். 1930இல் நிர்வாகம் கைரேகை பதியச் சொன்னபோது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

தங்கவயலின் ஊர்காம் பகுதியில் பரிசுத்த மிகாவேல் ஆலயம், சாம்பியன் ரீஃப்ஸில் கத்தோலிக்கரின் வெற்றி அன்னை ஆலயம் எனக் கோயில்கள் சுரங்கங்களை ஒட்டியே எழுந்தன. மெதடிஸ்டு சபையாரும் வந்தார்கள். திருச்சபைகள் பள்ளிக்கூடங்களையும் நடத்தின.

விவிலியத்தில் சுரங்கத் தொழிலை நேரடியாகக் காட்டும் பகுதி யோபு 28ஆம் அதிகாரம். அதில் மனிதர்கள் ஆள் நடமாட்டமில்லாத ஆழத்தில் தொங்கியபடி பாறையை வெட்டுகிறார்கள். பொன் கிடைக்கிறது, ஞானம் மட்டும் எந்தப் பொன்னுக்கும் விலைக்கு வருவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். கேஜ் என்ற கூண்டில் இறங்கி அனல் வீசும் சுரங்கப்பாதையில் வேலை பார்த்தவருக்கு அந்த வருணனையில் விளங்காதது ஒன்றுமில்லை. மேலே உள்ள பாறையின் பளு தாங்காமல் சுவர் திடீரென வெடித்துச் சிதறியதும் உண்டு. பிழைத்தாலும், சிலிகா தூசி நுரையீரலைத் தின்றது.

தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் தீர்ந்துபோகும். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் எடுத்த பிறகு, ஒரு டன் பாறையில் 3 கிராம் கிடைப்பதே பெரிதாகிவிட்டது. பின்னாளில் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் 2001 பிப்ரவரி 28இல் நிறுத்தப்பட்டன. சயனைடு கழிவு மேடுகள் மிஞ்சின. பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆலயங்களில் தமிழ் வழிபாடு தொடர்கிறது.

பரலோகச் செல்வத்தைக் காட்டிக் கூலிக் கோரிக்கையை அடக்கலாமா என்பது இப்போதனையைச் சுற்றி எழும் பழைய கேள்வி. தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படும் உரையை இறையியலாளர் அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றினார். அந்த மரபில் வந்தவர்கள், ஒடுக்கப்பட்டவரின் மானமும் நியாயமான கூலியும் இறையாட்சிக்குள்ளேயே அடங்கும் என்று வாதிடுகிறார்கள்.