‘அன்லிமிடெட்’ என்றால் அளவில்லாததா? ரீசார்ஜ் செய்யும் முன் அறிய வேண்டியவை

பிள்ளைகள் மாலையில் ஆன்லைன் குர்ஆன் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது உஸ்தாதின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கிறது. கூடவே, இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ‘அன்லிமிடெட் பேக்தானே போட்டோம்?’ என்று வீட்டில் கேள்வி எழுகிறது. நம்மில் பலருக்கும் பழகிப்போன அனுபவம் இது.

ஒரு பொருளை அளவோடு விற்பதில் தவறில்லை. அளவை மறைத்துவிட்டு ‘அளவே இல்லை’ என்று கூவி விற்பதுதான் பிரச்சனை. அந்த அளவுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன, ஏமாந்தால் எங்கே முறையிடலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வேகத்தில் ஒளிந்திருக்கும் அளவு

பெரும்பாலான மொபைல் திட்டங்களில் தினமும் 1 ஜிபி, 1.5 ஜிபி, 2 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்த பிறகும் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை. வேகம் மட்டும் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. இதைக் காட்டித்தான் ‘அன்லிமிடெட் டேட்டா’ என்று விளம்பரம் செய்கிறார்கள்.

64 கேபிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி இறங்கவே இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் வரும் 3 எம்பி கோப்பு ஒன்றுக்கு ஆறு நிமிடத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். வீடியோ வகுப்பு நடக்கவே நடக்காது. பெயரளவில் இணைப்பு இருக்கும், பயன் இருக்காது.

வீட்டு பிராட்பேண்டிலும் இதே கதைதான். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குக் கீழே ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். சில திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்பது வரம்பு. ஒரு குடும்பத்திற்கு அது தாராளமாகப் போதும். ஆனாலும் அது வரம்புதான். ‘அன்லிமிடெட் 5ஜி’ என்பவற்றிலும் சிலவற்றுக்கு 300 ஜிபி போன்ற உச்சவரம்பு உண்டு. உங்கள் பகுதியில் 5ஜி சிக்னலும் கையில் 5ஜி போனும் இல்லாவிட்டால் தினசரி வரம்புதான் பொருந்தும்.

‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அது உச்ச வேகமே தவிர, எப்போதும் கிடைக்கும் வேகம் அல்ல. மேலும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 எம்பி அல்ல, 12.5 எம்பிதான்.

அழைப்பில் ஒளிந்திருக்கும் அளவு

2017 வாக்கில் ‘அன்லிமிடெட் கால்’ என்று விற்கப்பட்ட சில திட்டங்களில் ஒரு நாளைக்கு 250 நிமிடம், ஒரு வாரத்திற்கு 1000 நிமிடம் என்ற வரம்பு இருந்தது. இன்று உள்நாட்டு அழைப்புகளில் அந்த நிலை பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது வேறு இருக்கிறது.

‘அன்லிமிடெட் கால்’ என்பது பொதுவாக இந்தியாவுக்குள் பேசுவதற்கு மட்டுமே. சவூதி, துபாய், மலேசியா எண்களுக்கு நேரடியாக அழைத்தால் தனிக் கட்டணம் உண்டு. அதேபோல் உம்ராவுக்குச் செல்பவர்கள் ‘அன்லிமிடெட்தானே’ என்று நம் சிம்மை அங்கே பயன்படுத்தினால் அது வெளிநாட்டு ரோமிங் ஆகிவிடும். புறப்படும் முன்பே ரோமிங் பேக் போடுவதா, அங்கே சென்று உள்ளூர் சிம் வாங்குவதா என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

நாட்களில் ஒளிந்திருக்கும் அளவு

28 நாள் திட்டத்தை ‘மாதத் திட்டம்’ என்றே எல்லோரும் நினைக்கிறோம். 28 நாள் என்றால் ஓர் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 300 ரூபாய் திட்டம் என்றால் 3600 அல்ல, 3900 ரூபாய் செலவாகும். 84 நாள் திட்டமும் மூன்று மாதம் ஆகாது. நான்கு முறை போட்டாலும் 336 நாட்கள்தான் வரும்.

இதுபற்றி எழுந்த புகார்களைத் தொடர்ந்து, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டமும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கடையில் கேட்டால்தான் இவை கிடைக்கும்.

பிராட்பேண்ட் விளம்பரத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 500 ரூபாய் என்றால் பில் 590 ரூபாயாக வரும்.

ஈரத் தானியம்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள்.

நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மேலே உலர்ந்ததையும் கீழே நனைந்ததையும் வைத்ததுதான் குற்றம். பெரிய எழுத்தில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டு, நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனையை வைப்பதும் அதே ஈரத் தானியம்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2022 ஜூனில் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, நிபந்தனைக் குறிப்பு என்பது விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாக இருக்கக்கூடாது. விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மீறினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

எங்கே முறையிடுவது?

1. முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் எண் 198-ஐ அழையுங்கள். தரப்படும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வைப்பதும் அவசியம்.

2. தீர்வு திருப்தி தரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

4. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு

நம் சமுதாய இளைஞர்கள் பலர் ஊர்தோறும் மொபைல் கடை, ரீசார்ஜ் கடை நடத்துகிறார்கள். விளம்பரத்தை எழுதியது நிறுவனமாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது நீங்கள். ‘தினமும் 1.5 ஜிபிதான் வேகமாக வரும், 28 நாள்தான் செல்லும், வெளிநாட்டு அழைப்பு இதில் சேராது’ என்று மூன்று வரி சொல்ல அரை நிமிடம் போதும். ஈரத்தை மேலே எடுத்து வைத்த நன்மை உங்களுக்குக் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி உங்களை நம்பித்தான் பணத்தை நீட்டுகிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும் நாமும் இனி கேட்டு வாங்குவோம். ஒரு நாளைக்கு எவ்வளவு, தீர்ந்த பின் என்ன வேகம், எத்தனை நாள், வரி சேர்த்து எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகே பணம் கட்டுவோம். கொடுக்கல் வாங்கலில் நேர்மையாளர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக!