பாடவிதானமும் வைத்தியக் கல்வியும்: பிளெக்ஸ்னர் அறிக்கையின் வரலாறு

உயர் தொழிற்கல்வி ஒன்றிற்குப் பாடவிதானம் வகுத்தல் என்பது பாடங்களின் பெயர்களை நிரல்பட எழுதி, அவற்றிற்குரிய மணித்தியாலங்களைப் பங்கிடுவதோடு முடிவதன்று. எத்தகைய மாணாக்கரைச் சேர்ப்பது, எவர் கற்பிப்பது, எவ்விடத்தில் கற்பிப்பது, அதற்காகும் செலவை யார் தாங்குவது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பாடப்பட்டியல் உயிர் பெறுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1870 தொடக்கம் 1935 வரை வைத்தியக் கல்வி அடைந்த மாற்றத்தின் வரலாறாகும். அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் வைத்தியரல்லர். பாடசாலை ஆசிரியர் ஒருவர் என்பது கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு வைத்தியக் கல்லூரிகளுட் பல, உள்ளூர் வைத்தியர் சிலர் கூடி நடத்திய வாணிக நிலையங்களாகவே இருந்தன. மாணாக்கர் செலுத்திய கட்டணத்தை ஆசிரியர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். நான்கைந்து மாதம் நீடிக்கும் விரிவுரைத் தொகுதி ஒன்றை முதலாண்டிற் கேட்ட மாணாக்கன், அடுத்த ஆண்டிலும் அதே விரிவுரைகளையே மீண்டும் கேட்டான். எளியதிலிருந்து அரியதற்கு ஏறிச்செல்லும் படிமுறை அங்கு இல்லை. ஆய்வுகூடத்திற் கைதொட்டுப் பயிலாமலும், நோயாளியின் படுக்கையருகே நின்று கல்லாமலும் பட்டம் பெறுதல் இயல்வதாயிற்று. மாணாக்கர் தொகை குறையின் ஆசிரியர் வருவாயும் குறையும். ஆதலின், தகுதியை உயர்த்துவதற்கு அக்கல்லூரிகள் விரும்பவில்லை.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் தலைவரான சாள்ஸ் எலியற் குறிப்பிடத்தக்கவர். அவர் 1869இல் அப்பதவியை ஏற்றபோது அங்கு ஒன்பது பாடங்களில் ஐந்தில் மாத்திரம் வாய்மொழிப் பரீட்சையிற் சித்தியடைந்தவரும் வைத்தியப் பட்டம் பெறக்கூடியவராயிருந்தனர். எஞ்சிய நான்கை அறியாதவரிடம் மக்கள் தம் உயிரை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1871இல் எலியற் செய்த சீர்திருத்தம் ஆண்டுக்கு ஒன்பது மாதமாக மூன்றாண்டுப் படிமுறைக் கல்வியை நிறுவி, எல்லாப் பாடங்களிலும் சித்தியை விதித்தது. எழுத்துப் பரீட்சை வைத்தால் மாணாக்கரிற் பெரும்பாலோர் எழுதவே மாட்டார் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் எதிர்த்தனர் என எலியற் பின்னர் நினைவுகூர்ந்தார். அக்காலத்துச் சேர்க்கைத் தகுதி எத்துணைத் தாழ்ந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அடுத்த பெரும் படி பால்ரிமோர் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. 1873இற் காலமான வணிகர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், பல்கலைக்கழகம் ஒன்றிற்கும் வைத்தியசாலை ஒன்றிற்குமாக எழுபது இலட்சம் டொலரை விட்டுச் சென்றார். பல்கலைக்கழகம் 1876இலும், வைத்தியசாலை 1889இலும் திறக்கப்பட்டன. ஆயின், அறநிதியின் வருவாய் சுருங்கியமையால் வைத்தியக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. அவ்வேளையில் மேரி காரெற் என்னும் பெண்மணியும் அவர்தம் தோழியரும் நிதி திரட்டி இரு நிபந்தனைகளை முன்வைத்தனர். ஆடவரைப் போன்றே பெண்டிரும் சேர்க்கப்படல் வேண்டும் என்பது ஒன்று. சேர்வோர் அனைவரும் முன்னரே கலைப்பட்டமும் அடிப்படை விஞ்ஞானப் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. 1893இற் கல்லூரி திறந்தபோது சேர்ந்தோர் பதினெண்மர். அவருள் மூவர் பெண்கள். இத்தகைய விதியிருப்பின் தாம் ஆசிரியராகவன்றி மாணாக்கராக அங்கு நுழைந்திருத்தல் இயலாது என்று பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர் நகைச்சுவையாகக் கூறியதாகச் சொல்வர்.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகத் திருக்குறள் வகுக்கின்றது. விரிவுரை மண்டபத்துக் கல்வியில் இவற்றுள் முதற் கூறாகிய நோயாளியே இல்லாதிருந்தார். ஒஸ்லர் தம் மாணாக்கரை நோயாளர் விடுதியினுள் அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் சில நோயாளரை ஒப்படைத்து, அவர்தம் வரலாற்றைக் கேட்டெழுதவும் உடலைச் சோதிக்கவும் பயிற்றினார். வைத்தியசாலையே வகுப்பறையாயிற்று.

எனினும், ஹொப்கின்ஸ் ஒரு தனி விளக்காகவே நின்றது. 1904இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் தன் கல்விக் குழுவை அமைத்தது. அக்குழு 1908இல் கார்ணெகி கல்வி நிதியத்தின் தலைவர் ஹென்றி பிறிற்செற்றை அணுகி, நடுநிலை ஆய்வொன்றை வேண்டிற்று. பிறிற்செற் அப்பணிக்குத் தெரிந்தெடுத்தவரே ஆபிரகாம் பிளெக்ஸ்னர். 1866இல் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிற் பிறந்து, ஹொப்கின்ஸில் 1886இற் பட்டம் பெற்ற அவர், பிறந்த ஊரில் ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர்ச் சொந்தமாகப் பாடசாலை ஒன்றையும் நடத்தியவர். அமெரிக்கக் கல்லூரிகளைக் கண்டித்து அவர் 1908இல் வெளியிட்ட நூல் பிறிற்செற்றின் கருத்தை ஈர்த்தது. தம் தமையனாரான வைத்திய ஆராய்ச்சியாளர் சைமனையே பிறிற்செற் கருதுகின்றார் போலும் என ஐயுற்ற பிளெக்ஸ்னரிடம், இது கல்வியாளர் செய்யவேண்டிய வேலையே, வைத்தியர் செய்யவேண்டிய வேலையன்று என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார்.

பிளெக்ஸ்னர் ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலுமிருந்த 155 வைத்தியக் கல்லூரிகளையும் நேரிற் சென்று கண்டார். சேர்க்கை விதிகள், ஆசிரியர் தொகையும் பயிற்சியும், நிதிநிலை, ஆய்வுகூடங்கள், வைத்தியசாலைத் தொடர்பு என்னும் ஐந்தையுமே அவர் ஆராய்ந்தார். அச்சிட்ட விவரப்புத்தகத்தை நம்பாது மாணாக்கரின் சேர்க்கைப் பத்திரங்களைத் தாமே புரட்டிப் பார்த்தார். ஒரு கல்லூரியிற் கதவுதோறும் பாடப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன, கதவுகளோ பூட்டியிருந்தன. அழைத்து வந்தவரிடம் விடைபெற்றுச் சென்றவர் தனியே திரும்பி வந்து, காவலாளிக்குப் பணங்கொடுத்துத் திறப்பித்துப் பார்த்தபோது, உள்ளே சில நாற்காலிகளும் ஒரு மேசையும் ஒரு சிறு கரும்பலகையுமே இருந்தன எனத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பட்டியலிற் பாடம் இருத்தல் வேறு. பாடம் நடைபெறுதல் வேறு.

1910இல் வெளிவந்த அவ்வறிக்கை, கல்லூரியில் ஈராண்டு பயின்று இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றோரையே சேர்த்தல் வேண்டும் என்றது. அதன்பின் வைத்தியக் கல்வி நான்காண்டு. முதலீராண்டில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனவியல், மருந்தியல், நோயியல், பற்றீரியவியல் என்பன ஆய்வுகூடத்திற் கற்பிக்கப்படும். பின்னீராண்டில் பொதுவைத்தியம், சத்திரசிகிச்சை, மகப்பேற்றியல் முதலியன வைத்தியசாலையிற் பயிற்றப்படும். ஆய்வுகூடத்திற் கருதுகோளைச் சோதிப்பவனும் படுக்கையருகே நோயை நிதானிப்பவனும் ஒரே முறையையே கையாளுகின்றனர் என்பது இவ்வமைப்பின் அடிப்படையாகும். நாட்டிலிருந்த கல்லூரிகளை முப்பத்தொன்றாகக் குறைத்தல் நன்று எனவும் அறிக்கை பரிந்துரைத்தது.

கல்லூரிகளின் தொகை அறிக்கைக்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. மாநிலங்களின் அனுமதிச் சபைகளும் வைத்தியச் சங்கமும் நெருக்குதல் கொடுத்து வந்தன. அறிக்கை அவ்வோட்டத்தை விரைவுபடுத்திற்று. றொக்பெல்லர் செல்வத்தால் நிறுவப்பெற்ற பொதுக் கல்விச் சபை 1913இல் ஹொப்கின்ஸுக்கு 15 இலட்சம் டொலர் வழங்கி, தனியார் சிகிச்சை வருவாயைத் துறந்து முழுநேரமும் கற்பிக்கும் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்திற்று. அவ்வேளை ஒக்ஸ்போட்டில் இருந்த ஒஸ்லர் இத்திட்டத்தை ஏற்றிலர். ஆராய்ச்சியில் மூழ்கிய ஆசிரியர் நோயாளரை மறப்பர் என அவர் அஞ்சினார். 1935அளவில் ஐக்கிய நாடுகளில் எஞ்சிய வைத்தியக் கல்லூரிகள் 66 மாத்திரமே.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆனால், அதன் விலையையும் வரலாறு மறைத்தலாகாது. கறுப்பின மாணாக்கருக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் 1923அளவில் வாஷிங்டன் ஹவாட், நாஷ்வில் மெஹரி என்னும் இரண்டே நிலைத்தன. கறுப்பின வைத்தியர் தம்மினத்தாருக்கே, அதுவும் சுகாதாரம் பேணுவோராகவே, பயன்படுவர் என்னும் கருத்தோடு அறிக்கை எழுதியிருந்தது. ஏனைய கல்லூரிகளோ அவர்களுக்குக் கதவடைத்திருந்தன. பெண்களுக்கென இருந்த மூன்றனுள் பென்சில்வேனியாக் கல்லூரி ஒன்றே எஞ்சிற்று. நீண்ட கல்வியின் செலவு வறியவரைத் தடுத்தது. அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் பிளெக்ஸ்னர் பெயரில் வழங்கிவந்த விருதிலிருந்து 2020இல் அப்பெயரை நீக்கியமைக்கு இவ்வறிக்கையின் இனவாதப் பகுதிகளே காரணம்.

பாடவிதானமும் அசையாது நிற்கவில்லை. யாவரும் ஒரே வரிசையில் ஒரே மணிக்கணக்கிற் பயிலும் இறுக்கத்தைப் பிளெக்ஸ்னரே தம் 1925ஆம் ஆண்டு நூலிற் குறைகூறினார். கிளீவ்லண்ட் நகரத்து வெஸ்ரேண் றிசேர்வ் பல்கலைக்கழகம் 1952இல், துறைகளின்படி கற்பிப்பதைக் கைவிட்டு, உடலின் உறுப்புத் தொகுதிகளின்படி கற்பிக்கத் தொடங்கிற்று. 1969இற் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் விரிவுரைக்கு மாறாக, நோயாளியின் பிரச்சினையொன்றைச் சிறு குழுவினர் ஆராய்ந்து கற்கும் முறையைக் கைக்கொண்டது. விஞ்ஞானத்திற்கும் நோயாளிக்கும் இடையே ஈராண்டுச் சுவர் எழுப்பியது பிளெக்ஸ்னர் அமைப்பின் குறை என்பதே இவற்றின் கருத்து.

ஆகவே, தொழிற்கல்விக்குப் பாடவிதானம் வகுப்போர் இருவகைப் பொறுப்பைச் சுமக்கின்றனர். தகுதியைத் தாழ்த்தின் அறியாதவன் கையில் மக்கள் அகப்படுவர். 1871க்கு முந்திய ஹாவாட் இதற்குச் சான்று. தகுதியை உயர்த்துங்கால் அத்தகுதியை எய்தும் வழியையும் யாவர்க்கும் திறவாது விடின், தகுதியென்னும் பெயராலேயே ஒரு சாரார் வெளியே நிறுத்தப்படுவர்; 1923இல் எஞ்சிய இரு கல்லூரிகள் இதற்குச் சான்று. உயர்ந்த தகுதியும் திறந்த கதவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பால்ரிமோர்ப் பெண்மணிகள் தம் இரு நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்துக் காட்டினர். பின்வந்தோர் தகுதியைப் பற்றிய நிபந்தனையை விரைந்து பற்றிக்கொண்டு, கதவைத் திறக்கும் நிபந்தனையை நெகிழவிட்டனர். அவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் பாடவிதானமே நிறைவுடையதாகும்.