மக்களோடு நகர்ந்த பள்ளிகள்: சோமாலியாவில் வறட்சியும் போரும் கல்வியும்

சோமாலியாவின் மேய்ச்சல் நிலங்கள் ஆண்டுக்கு இரண்டு மழைகளை நம்பியிருக்கின்றன. ஏப்ரலில் தொடங்கும் மழை 'கு'. அக்டோபரில் தொடங்குவது 'தேய்ர்'. மழை பொய்த்தால் ஒட்டகங்களையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு குடும்பம் கிளம்பிவிடும். அந்த வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்த பழைய பள்ளி 'துக்சி' எனப்படும் குர்ஆன் ஓதுபள்ளி. அதற்குக் கட்டடம் தேவையில்லை. மர நிழலில் பிள்ளைகள் மரப்பலகையில் கரி மையால் எழுதி, ஓதி, கழுவிவிட்டு மறுபடி எழுதுவார்கள். கூட்டம் நகரும்போது ஆசிரியரும் உடன் செல்வார்.

அரசுப் பள்ளி இந்த வழியைக் கற்றுக்கொண்டது 1970களில்தான். 1972 அக்டோபரில் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. 1974இல் உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு, சுமார் 25,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் எழுத்தறிவு புகட்ட அரசு நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. அவர்கள் போய்ச் சேர்ந்த காலத்திலேயே 'தபதேர்' வறட்சி முற்றியது. 'நீண்ட வால்' என்பது அந்தப் பெயரின் பொருள். கால்நடைகள் மடிந்தன, மேய்ப்பர் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் குவிந்தன. எழுத்துச் சொல்லித்தர வந்த இளைஞர்கள் உணவு பங்கிடும் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். பின்னர் சுமார் ஒரு லட்சம் பேர் தெற்கே விவசாயக் குடியிருப்புகளுக்கும் கடலோர மீன்பிடிக் குடியிருப்புகளுக்கும் மாற்றப்பட்டனர்.

எத்தியோப்பியாவுடன் 1977-78இல் நடந்த ஒகாதேன் போர் அங்கிருந்து லட்சக்கணக்கான அகதிகளைச் சோமாலியாவுக்குள் தள்ளியது. 1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபோது சோமாலியர்களே அகதிகள் ஆனார்கள். அரசோடு கல்வி அமைச்சும் ஆசிரியர் சம்பளமும் இல்லாமல் போயின. பள்ளிக் கட்டடங்கள் சூறையாடப்பட்டன. பலவற்றில் வீடிழந்த குடும்பங்கள் குடியேறின. 1993இல் யுனெஸ்கோ அவசரகாலக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, போருக்கு முந்தைய சோமாலிப் பாடநூல்களைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சிட்டது. ஒரு வகுப்புக்குத் தேவையான சிலேட்டு, சுண்ணக்கட்டி, குறிப்பேடு, ஆசிரியர் கையேடு எல்லாம் அடங்கிய பொதியும் அக்காலத்தில் உருவானது. அது 1994 இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவிலும் பயன்பட்டது.

எல்லைக்கு அப்பால், கென்யாவின் வறண்ட வடகிழக்கில், 1991-92இல் இஃபோ, தகாஹ்லே, ஹகதேரா என்ற மூன்று முகாம்கள் எழுந்தன. ததாப் என்று பொதுவாக அழைக்கப்படும் இவை சுமார் 90,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்டவை. இங்கே பிள்ளைகள் படித்தது கென்யப் பாடத்திட்டம். வீட்டில் சோமாலி பேசும் பிள்ளை ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழுக்குக் கென்யாவில் மதிப்பு இருந்தது. ஊர் திரும்பினால் மொழி மாறிவிடும். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே முகாமில் பள்ளி முடித்த அகதி இளைஞர்கள். அகதிகளுக்கு முறையான வேலை அனுமதி கிடைக்காததால், சம்பளத்துக்குப் பதில் சிறு ஊக்கத்தொகையே பெற்றார்கள். ததாபின் பள்ளிகள் இத்தனை ஆண்டு நின்றது அவர்கள் உழைப்பால்தான்.

2011இல் வறட்சியும் போரும் ஒருசேர இறுக்கின. தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதியை ஆண்ட அல்-ஷபாப் ஆயுதக் குழு பல உதவி அமைப்புகளைத் தடை செய்திருந்தது. ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. அந்தப் பேரிடர் சுமார் 2,60,000 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ததாபின் மக்கள்தொகை நாலரை லட்சத்தைத் தாண்டியது, கூடாரங்கள் வகுப்பறைகளாயின. அதே ஆண்டு அக்டோபர் 4இல் மொகதிஷுவில் அமைச்சக வளாகத்தின் வாசலில் குண்டு வெடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பலர், துருக்கியில் படிக்க உதவித்தொகை கேட்டு, முடிவைப் பார்க்க வந்த மாணவர்களும் பெற்றோரும்.

சோமாலியாவுக்குள்ளும் சிலர் பள்ளியைக் காத்தார்கள். மொகதிஷுவுக்கு வெளியே, அஃப்கோயே சாலையை ஒட்டிய தம் குடும்ப நிலத்தில் மருத்துவர் ஹவா அப்தி பல்லாயிரம் பேருக்கு இடம் கொடுத்தார். அங்கே மருத்துவமனையோடு பள்ளியும் நடந்தது.

வறட்சியில் பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது படிப்பில் ஆர்வம் குறைந்து அல்ல. 1991க்குப் பின் சோமாலியாவின் பள்ளிகளில் பெரும்பாலானவை கட்டணத்தில் நடப்பவை. ஆடுமாடு செத்தால் கட்டணம் கட்ட வழியில்லை. தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கும் வேலை முதலில் பெண்பிள்ளை தலையில் விழுகிறது. சில வீடுகள் அவளுக்குச் சீக்கிரமே மணமுடித்துவிடுகின்றன. அதனால்தான் பள்ளியில் ஒருவேளைச் சோறும், குடிநீரும், பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் பாடநூலுக்கு இணையான தேவைகள். ஆசிரியர் சம்பளமும் கட்டணத்திலிருந்தே வருவதால், அதை வெளியார் ஏற்றால் அவரும் ஊரில் தங்குவார்.

2017 டிசம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் 'இகாட்' கூட்டமைப்பு நாடுகள் ஜிபூட்டியில் கூடி, அகதிப் பிள்ளைகளைத் தேசியக் கல்வி முறைக்குள் சேர்க்கவும், அவர்கள் படிப்பையும் அகதி ஆசிரியர்களின் தகுதியையும் எல்லை தாண்டி ஏற்கவும் உறுதியளித்தன. துக்சி ஆசிரியர் நடந்த வழிதான் இதுவும்: பிள்ளை எங்கே போகிறதோ, படிப்பும் அங்கே போக வேண்டும்.