பெயர் தாங்கிய பீரங்கிகள்: மொகலாயர் சகோதரப் போர்களின் ஒரு பக்கம்

திருவேற்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூந்தமல்லியில், கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. 1653ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1063இல், அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் இதைக் கட்டியதாக அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு அறிவிக்கிறது. அப்துல்லாஹ் குதுப் ஷாவின் படைத்தலைவர் மீர் ஜும்லா கர்நாடகத்தை வென்று ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஈரானின் அர்திஸ்தானிலிருந்து வந்து, வைர வணிகத்தில் பொருளீட்டி, கோல்கொண்டாவின் முதலமைச்சராக உயர்ந்தவர் மீர் ஜும்லா. கூவம் ஆற்றங்கரையின் இவ்வூர்கள் எல்லாம் அன்று அவருடைய ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. இப்பள்ளிவாசலைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர், இந்த மனிதரின் பீரங்கிகள் ஐந்தே ஆண்டுகளில் மொகலாய அரியணையின் உரிமையைத் தீர்மானிக்கும் போரில் முழங்கின என்பதை அறிவார்கள்?

பீரங்கி என்னும் சொல்லே நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. 'ஃபிரங்கி' என்று பாரசீகத்தில் ஐரோப்பியரைக் குறித்த சொல், அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிக் குழலுக்கும் பெயராயிற்று. தமிழில் அது பரங்கி என்றும் பீரங்கி என்றும் இரண்டாகப் பிரிந்து நிலைத்தது. பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே உள்ள பரங்கிமலையும் அதே வேரிலிருந்து வந்த பெயர்தான்.

போர்க்கருவிக்குத் தனிப்பெயர் இடும் வழக்கம் பீரங்கிக்கு முற்பட்டது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் முஹம்மது பின் காசிம் தேபல் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது பயன்படுத்திய கல்லெறி பொறியின் பெயர் 'அல் அரூஸ்', அதாவது மணமகள். அதை இயக்க ஐந்நூறு பேர் வேண்டியிருந்தது என்கிறார் பலாதுரி. படையை அனுப்பியவர் ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப். அதே ஹஜ்ஜாஜ், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் (கி.பி. 692), அப்துல்லாஹ் பின் சுபைரை வீழ்த்த மக்காவின் மீது மஞ்சனீக்குகளை நிறுத்திக் கல்லெறிந்தவர். வேற்று நாட்டுக் கோட்டைக்கு என்று செய்த கருவி தன் சமூகத்தவர் மீதே திரும்பும் வரலாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

இதைச் சட்ட அறிஞர்கள் கவனியாமல் விடவில்லை. ஜமல் போரில் (கி.பி. 656) ஓடுகிறவரைத் துரத்தாதீர், காயம்பட்டவரைக் கொல்லாதீர் என்று ஹஸ்ரத் அலீ (ரலி) பிறப்பித்த ஆணையே பிற்காலத்தில் கிளர்ச்சியாளர் பற்றிய சட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. 1058இல் வஃபாத்தான இமாம் மாவர்தி தமது 'அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில், முஸ்லிம் கிளர்ச்சியாளருடன் போரிடுவதற்கும் பிறருடன் போரிடுவதற்கும் உள்ள வேறுபாடுகளை எட்டாக எண்ணுகிறார். கிளர்ச்சியாளர் மீது மஞ்சனீக்கை நிறுத்தக் கூடாது, அவர்களின் வீடுகளைக் கொளுத்தக் கூடாது, பேரீச்ச மரங்களை வெட்டக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மாவர்தி ஷாஃபி மத்ஹபினர். ஹனஃபி அறிஞர்களில் காசானி போன்றோர் தேவையை ஒட்டி இதற்கு இடமளிக்கிறார்கள். மொகலாயர் ஹனஃபிகள். ஆயினும் கல்லெறி பொறிக்கே இவ்வளவு தயங்கிய மரபு, பீரங்கியைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மொகலாயரின் பெரும்பீரங்கிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வார்க்கப்பட்டவை. ஒன்றன் அச்சில் மற்றொன்று பிறப்பதில்லை. குழலின் நீளம், வாயின் அகலம், குண்டின் எடை யாவும் வேறுபடும். ஒரு பீரங்கியின் குண்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. எனவே வெடிமருந்துச் சாலையின் கணக்கனுக்கும் அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அதற்குமேல், உலோகத்துக்கும் வார்ப்புக்கும் ஆன செலவு ஓர் அரசின் பெருமையாகக் கருதப்பட்டதால், பெயரையும் அரசரையும் வார்த்த உஸ்தாதையும் ஹிஜ்ரி ஆண்டையும் குழலின் மீதே பொறித்தார்கள். அஹ்மத்நகரில் 1549இல் ரூமி ஒருவர் வார்த்த 'மலிகே மைதான்' இன்றும் பீஜப்பூர்க் கொத்தளத்தில் இருக்கிறது. போர்க்களத்தின் அரசன் என்பது பொருள். 1686இல் பீஜப்பூரை வென்ற அவுரங்கசீப் அதன்மீது தம் வெற்றியையும் பொறிக்கச் செய்தார். பழைய எழுத்தை அழிக்கவில்லை, பக்கத்தில் சேர்த்தார். நிஜாம்ஷாஹி, ஆதில்ஷாஹி, மொகலாயர் என உடைமையாளர் மாறினர். பீரங்கியின் பெயர் மாறவில்லை.

பூந்தமல்லிப் பள்ளிவாசல் எழுந்த அதே 1653ஆம் ஆண்டில், ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷுகோ காந்தஹாரை ஈரானியரிடமிருந்து மீட்கப் பெரும் படையுடன் சென்றார். அவர் லாகூரில் வார்ப்பித்துக் கொண்டுபோன பெரும்பீரங்கிகளுக்கு 'ஃபத்ஹ் முபாரக்', 'கிஷ்வர் குஷா', 'கட் பஞ்சன்' என்று பெயர்கள். முதலாவது நல்வெற்றி, இரண்டாவது நாடு திறப்பான், மூன்றாவது கோட்டை தகர்ப்பான். முதலிரண்டும் பாரசீக வழிப் பெயர்கள், மூன்றாவது முழு இந்தி. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த இளவரசரின் படைச்சாலையில் இந்தக் கலப்பு இருந்தது நமக்கு வியப்பளிக்கவில்லை. வியப்பளிப்பது, ஐந்து மாத முற்றுகைக்குப் பின்னும் கோட்டை தகர்ப்பான் கோட்டையைத் தகர்க்கவில்லை என்பதே. 1653 செப்டம்பரில் தாரா திரும்பினார்.

இதற்கிடையே தெற்கே மீர் ஜும்லா தம்முடைய பீரங்கிச் சாலையை விரித்துக்கொண்டிருந்தார். 1652இல் கண்டிகோட்டையில் அவரைச் சந்தித்த ஃபிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே இதைப் பற்றி ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். புர்ஜ் நகரத்து மாய்யே என்னும் ஃபிரெஞ்சுக்காரரைக் கொண்டு 48 ராத்தல் குண்டு சுடும் பீரங்கிகள் பத்தும், 24 ராத்தல் பீரங்கிகள் பத்தும் வார்க்க மீர் ஜும்லா திட்டமிட்டார். செம்புக்காகக் கோயில்களின் சிலைகள் சேர்க்கப்பட்டன. கண்டிகோட்டைக் கோயிலின் சிலைகள் எவ்வளவு முயன்றும் உருகவில்லை என்றும், மாய்யே இறுதிவரை ஒரு பீரங்கியும் வார்க்கவில்லை என்றும் தவெர்னியே எழுதுகிறார். சிலை உருகாத கதையை அப்படியே ஏற்பதா என்பது வேறு. சிலைகள் எடுக்கப்பட்டன என்பதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அது மார்க்கத்தின் பெயரால் நடந்ததன்று, செம்பின் தேவையால் நடந்தது. ஆயினும் வணங்கியவர்களின் இழப்பு அதனால் குறைந்துவிடாது.

1655 முதல் 1656 வரையிலான காலத்தில் குதுப் ஷாவுடன் முறிந்து, மீர் ஜும்லா ஷாஜஹானிடம் சென்று சேர்ந்தார். 1657இல் பீதர், கல்யாணி முற்றுகைகளில் அவுரங்கசீப்புக்குத் துணைநின்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஷாஜஹான் நோயுற்றார். நான்கு மகன்களும் படை திரட்டலாயினர். மீர் ஜும்லாவைத் தில்லிக்கு அழைத்து ஆணை வந்தது. அவர் வெளிப்படையாக அவுரங்கசீப்புடன் சேர்ந்தால், வடக்கே இருந்த அவருடைய குடும்பத்தார் பழிவாங்கப்படக் கூடும். 1658 ஜனவரியில் அவுரங்கசீப் அவரைச் 'சிறைப்படுத்தி'த் தவுலதாபாத்தில் வைத்தார். இருவரும் கலந்து ஆடிய நாடகம் இது என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. எப்படியாயினும், ஐரோப்பிய வெடிகாரர்கள் இயக்கிய மீர் ஜும்லாவின் பீரங்கிகள் அவுரங்கசீப்பின் படையோடு நருமதையைக் கடந்தன.

ஏப்ரலில் தர்மத் களத்தில் ஜஸ்வந்த் சிங்கின் ராஜபுத்திரக் குதிரைகள் நேரே பீரங்கி வரிசையின் மீது பாய்ந்தன. பீரங்கிப்படைத் தலைவர் முர்ஷித் குலீ கான் அங்கேயே வீழ்ந்தார். தக்காணத்தில் நில அளவையையும் வரி முறையையும் சீர்ப்படுத்தியவராக வரலாறு அவரை நினைவுகூர்கிறது. உழவனின் விளைச்சலை அளந்த மனிதர் பீரங்கியின் அருகே இறந்தார். எனினும் பீரங்கிகள் அவுரங்கசீப்பிடமே நின்றன.

மே இறுதியில் ஆக்ரா அருகே சாமுகர். தாரா தம் பீரங்கிகளை முன்வரிசையில் நிறுத்தி, குதிரைப்படை ஊடுருவாதபடி ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்திருந்தார் என்று ஃபிரெஞ்சு மருத்துவர் பெர்னியே எழுதுகிறார். அவர் அப்போரைக் கண்டவரல்லர், பின்னர் கேட்டு எழுதியவர். எதிரி எட்டாத் தொலைவில் இருக்கையிலேயே தாராவின் பக்கம் சுட்டு மருந்தை வீணாக்கியது. அவுரங்கசீப்பின் வெடிகாரர்கள் பொறுத்திருந்தனர். பின்னர் தாரா தாமே படையோடு முன்னேற, அவருடைய பீரங்கிகள் தம்மவர் மீதே சுட நேருமே என்று வாய்மூடின. அவுரங்கசீப்பின் பீரங்கிகளுக்கு அந்தத் தடை இல்லை. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

அதன்பின் நடந்ததே நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. ஜூன் தொடக்கத்தில் ஆக்ரா கோட்டைக்குள் ஷாஜஹான் கதவடைத்துக்கொண்டார். வெளியே மகன். கோட்டையைச் சுடுவதற்கு உயரமான இடம் வேண்டியிருந்தது. தாராவின் மாளிகையிலும், கோட்டைக்கு எதிரே இருந்த ஜாமிஆ மஸ்ஜிதின் மேல்தளத்திலும் பீரங்கிகள் ஏற்றப்பட்டன. அப்பள்ளிவாசல் 1648இல் ஷாஜஹானின் மகள் ஜஹானாராவின் பொருளால் கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஜஹானாரா அப்போது கோட்டைக்குள் தந்தையின் பக்கத்தில் இருந்தார். தம் பொருளில் எழுந்த இறையில்லத்தின் தளத்திலிருந்து தம் சகோதரர் சுடும் ஒலியை அவர் கேட்டார். மாவர்தியின் எட்டு விதிகளை இங்கு நாம் நினைத்துப் பார்க்காமலிருக்க முடியவில்லை. கோட்டைக்குள் இருந்தவர் கிளர்ச்சியாளரும் அல்லர், அவர்தாம் பேரரசர். அவுரங்கசீப் பின்னாளில் தொகுப்பித்த 'ஃபதாவா ஆலம்கீரி'யிலும் கிளர்ச்சியாளர் பற்றிய அத்தியாயம் உண்டு. ஆனால் ஆக்ராவில் யார் கிளர்ச்சியாளர் என்னும் கேள்வியை வென்றவரின் அவையில் எழுப்ப யார் துணிவார்?

பீரங்கிகளால் கோட்டை திறக்கவில்லை. யமுனையிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாயிலை அவுரங்கசீப்பின் ஆட்கள் கைப்பற்றினர். உள்ளே உப்பு நீர்க் கிணறுகளே இருந்தன. மூன்று நாள் தாகத்துக்குப் பின் பேரரசர் கதவைத் திறந்தார். 1659 ஜனவரியில் கஜ்வாவில் ஷுஜாவை எதிர்த்தபோது மீர் ஜும்லா விடுதலை பெற்றுத் தாமே உடன் நின்றார். 1663இல் அஸ்ஸாம் படையெடுப்பிலிருந்து திரும்புகையில் காய்ச்சலால் இறந்தார்.

அறுபத்தோராண்டு கழித்து அதே கோட்டை, அதே காட்சி. 1719 மே மாதம் ஆக்ராவின் காவற்படையினர், நேகுசியர் என்னும் இளவரசரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்து பேரரசராக அறிவித்தனர். இவர் அவுரங்கசீப்பை எதிர்த்துக் கிளர்ந்த இளவரசர் அக்பரின் மகன். குழந்தைப் பருவத்தில் உள்ளே சென்றவர், சுமார் நாற்பது ஆண்டு கோட்டைக்குள்ளேயே கழித்தவர். மித்ர சேன் என்னும் நாகர் பிராமணர் இம்முயற்சியின் மூளையாக இருந்தார். தில்லியில் அரசர்களை ஆக்கி அழித்துக்கொண்டிருந்த பாரா சையித் சகோதரர்களுள் இளையவர் ஹுசைன் அலீ கான் முற்றுகைக்கு வந்தார்.

இம்முற்றுகையின் பீரங்கிகளுக்குப் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன: 'காஸி கான்', 'ஷேர் தஹான்', 'தூம் தாம்'. முதலாவது அறப்போர் வீரன், இரண்டாவது புலிவாய், மூன்றாவது வெறும் ஓசை. இவற்றின் குண்டுகள் 30 சேர் முதல் ஒன்றரை மணங்கு வரை எடையுள்ளவை. வடநாட்டு மணங்குக்கு 40 சேர். நம் சென்னை மணங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றையும் இழுக்க ஒன்று முதல் நான்கு யானைகளும் 600 முதல் 1,700 வரை எருதுகளும் தேவைப்பட்டன. அவ்வளவு எருதுகளுக்கும் தீனி, வழியில் அழிந்த வயல்கள், அவற்றின் கணக்கை எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

காஸி என்னும் சொல் ஒரு முஸ்லிமின் காதில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பெயர் தாங்கிய பீரங்கி அக்பர் கட்டிய மதிலை, உள்ளிருந்த அவருடைய வழித்தோன்றலை நோக்கிச் சுட்டது. சுட்டவர்களும் சையிதுகள். இம்முறையும் மதில் சிறிது சிதைந்ததே தவிர, கோட்டையைத் திறந்தது பசி. ஆகஸ்டில் காவற்படை பணிந்தது. மித்ர சேன் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். நேகுசியர் தில்லி சலீம்கட் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1723இல் அங்கேயே இறந்தார்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் வீழ்ந்தபின், அவருடைய மகன் முஹம்மது அலீக்கும் நவாயத் குடும்பத்தோடு மணஉறவு கொண்ட சந்தா சாஹிபுக்கும் இடையே ஆற்காட்டுப் போட்டி முற்றியது. இருபுறமும் முஸ்லிம்கள், ஒருபுறம் ஆங்கிலேயர் துணை, மறுபுறம் ஃபிரெஞ்சுக்காரர் துணை. 1751இல் ராபர்ட் கிளைவ் 500 பேருடன் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிப் அதை முற்றுகையிட்டார்.

கோட்டைக்குள் மிகப் பெரிய பீரங்கி ஒன்று கிடந்தது. அவுரங்கசீப் ஆயிரம் இணை எருதுகளைப் பூட்டித் தில்லியிலிருந்து அனுப்பியது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அதன் குண்டு 72 ராத்தல். கிளைவ் கொத்தளத்தின் மேல் மண்மேடு எழுப்பி அதை ஏற்றினார். ராஜா சாஹிபின் அதிகாரிகள் அரண்மனையில் கூடும் நேரம் பார்த்து நாளுக்கு ஒரு முறை, 30 ராத்தல் மருந்திட்டுச் சுடச்செய்தார். நான்காம் நாள் பீரங்கியே வெடித்துச் சிதறியது. முஹர்ரம் நாள்களில் ராஜா சாஹிபின் இறுதித் தாக்குதல் நடந்து தோற்றது. கர்பலாவின் நினைவு நாள்களில் முஸ்லிம்கள் முஸ்லிம்களின் கோட்டையை மோத, காத்து நின்றவர் கிளைவ்.

1752 ஜனவரியில் ராஜா சாஹிபின் படை சென்னையை நோக்கி இறங்கிப் பூந்தமல்லிச் சீமையைச் சூறையாடியது. சிற்றூர்கள் எரிந்தன. பரங்கிமலையில் ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளும் எரிந்தன. அடுத்த மாதமே காவேரிப்பாக்கத்தில் கிளைவ் அப்படையைச் சிதறடித்து, மாந்தோப்பில் நிறுத்தியிருந்த ஃபிரெஞ்சுப் பீரங்கிகளைக் கைப்பற்றினார். கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அவற்றை எண்ணி எழுதியிருக்கிறார்: பீரங்கி ஒன்பது, சிறுகுழல் மூன்று. ஒன்றுக்கும் பெயர் இல்லை.