பசியாற்றிய பண்ணை

தமிழில் ‘ஆற்றல்’ என்னும் சொல்லுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. வலிமை என்பது அதன் ஒரு பொருள். தணித்தல் என்பது மற்றொரு பொருள். பசியை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், அழுகின்ற குழந்தையை ஆற்றுகிறோம், கடமையையும் ஆற்றுகிறோம். சர்க்கார் காகிதங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நாங்கள் ‘சக்தி’ என்னும் பொருளில் இச்சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். அதன் மறுபாதி பெரும்பாலும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் பிறருடைய பசியையும் நோயையும் ஆற்றுகிறவர்களிடமே அநீதியை எதிர்த்து நிற்கும் வலிமையும் பிறக்கிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு அது நெருக்கமான சான்று. ஏனெனில் அதனை நிகழ்த்திக் காட்டியவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போலவே ஊர்விட்டுப் போன தமிழர்கள். அவர்கள் வாழ்ந்த இடம் தென்னாப்பிரிக்கா.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் செல்லத் தொடங்கியது அன்றுதான். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்துகொள்ளாமல் அங்கேயே வாழ விரும்பியவர்கள் மீது, 1895-ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி விதித்தது. ஒப்பந்தக் கூலிக்குத் தொடக்கத்தில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது, ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை. அண்டையிலிருந்த டிரான்ஸ்வாலிலோ, இந்தியர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டம் வந்தது. காந்தியடிகளின் தலைமையில் 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மக்கள், அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர்.

உறுதி பூணுவது ஒரு நாள் வேலை. அதனை ஆண்டுக்கணக்கில் காப்பது எப்படி? இவ்விடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது. நான்கு ஆண்டுகள் சென்றன. சிறை சென்றோர் வெளிவந்து மீண்டும் சிறை புகுந்தனர். வணிகர்கள் பலர் களைத்து ஒதுங்கினர். திரும்பத் திரும்பச் சிறை சென்றவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். கூடையில் காய்கறி சுமந்து விற்றவர்களும், சலவைத் தொழில் செய்தவர்களும், சிறு ஊழியம் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தனர். பதினெட்டு வயது நிரம்பிய நாகப்பன் 1909-இல் சிறைக் குளிரில் நோயுற்று, வெளிவந்ததும் உயிர் நீத்தான். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி, கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910-இல் டெலகோவா வளைகுடாவில் மாண்டான். சிறைக்கு அஞ்சாத நெஞ்சங்கள் பல இருந்தன. ஆயினும் அந்நெஞ்சங்களை அறுத்த கவலை ஒன்று உண்டு: ‘நாம் சிறையில் இருக்கையில் வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு போடுவது யார்?’

அதுவரை, சிறை சென்றோர் குடும்பங்களுக்கு அவரவர் தேவைக்கேற்ப மாதந்தோறும் ரொக்கம் கொடுக்கப்பட்டு வந்தது. பணம் கரைந்துகொண்டே வந்தது. யாருக்கு எவ்வளவு தேவை என்று அளப்பதும் எளிதாயில்லை. நேர்மையுள்ளவர் குறைவாகக் கேட்டு வருந்த, மற்றவர் மிகுதியாகக் கேட்கவும் இடமிருந்தது. இதற்கு விடையாகத் தோன்றியது டால்ஸ்டாய் பண்ணை. காந்தியடிகளின் நண்பரான ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, 1910-ஆம் ஆண்டு மே 30 அன்று அதனை வாடகையின்றி இப்பணிக்கு அளித்தார். ஏறக்குறைய ஆயிரம் பழ மரங்களும், இரண்டு கிணறுகளும், ஒரு சிற்றூற்றும், ஒரு சிறு வீடும் அங்கிருந்தன. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகிய நான்கு சமயத்தாரும் அங்கே ஒரே அடுப்பில் சமைத்து உண்ணலாயினர்.

ஒரே அடுப்பு என்பது சொல்லுக்கு எளிது. புலால் உண்டு பழகியவர்கள் கேட்டால் அதனையும் வாங்கித் தரவேண்டும், மாட்டிறைச்சியே ஆயினும் மறுப்பது தகாது என்று காந்தியடிகள் முடிவு செய்திருந்தார். அக்குடும்பங்களின் ஆண்கள் சிறையில் வாடுகையில், உணவின் பேரால் அவர்களை வருத்துவது அறமன்று என்பது அவர் கருத்து. பெண்களிடம் அவர் மனம் விட்டுப் பேசிய பின், அனைவருக்கும் பொதுவாகச் சைவ உணவே போதும் என்று அவர்களே இசைந்தனர். இரும்புத் திரிகையில் கோதுமையைக் கையாலேயே அரைத்தனர், ரொட்டி சுட்டனர், நிலக்கடலையை அரைத்து வெண்ணெயாக்கினர், தோட்டத்து ஆரஞ்சைப் பாகாகக் காய்ச்சினர். வேலைக்காரர் என்று எவரும் இல்லை. தண்ணீரைக் காவடித் தண்டில் சுமந்து வந்ததும், மரம் வெட்டியதும், கழிவைக் குழிதோண்டிப் புதைத்ததும் குடியிருந்தவர்களே. காலன்பாக் கிறிஸ்தவத் துறவியரின் மடமொன்றில் செருப்புத் தைக்கக் கற்று வந்து மற்றவர்க்கும் கற்பித்தார். குழந்தைகளுக்குத் தமிழும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஜி. யு. போப் இயற்றிய கையேட்டைத் துணையாகக் கொண்டு, தாம் அறிந்த சிறிதளவு தமிழைக் காந்தியடிகள் அவர்களுக்குக் கற்பித்தார்.

உடலின் ஆற்றலைப் பேணுவதும் அங்கே ஒரு கல்வியாக இருந்தது. சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது விதி. பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு புறப்பட்டால், ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைவர். நோய்க்கு மருந்துக்கடையை நாடாமல் மண்பட்டி, நீர்ச் சிகிச்சை, பத்திய உணவு ஆகியவற்றைக் கையாண்டனர். இன்றைய மருத்துவ அறிவு அவை அனைத்தையும் ஏற்காது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆயினும் நோயாளியின் அருகே இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்தார் என்பது எந்த மருத்துவமும் மறுக்கமுடியாத சிகிச்சையன்றோ?

நோன்பைப் பற்றிய செய்தி இன்னும் இனியது. ரமலான் மாதம் வந்தபோது, முஸ்லிம் சிறுவர்களுக்குத் துணையாக ஏனைய சமயத்துச் சிறுவர்களும் நோன்பிருக்க முன்வந்தனர். முஸ்லிம்கள் கதிரவன் மறையும்வரை காத்திருக்கவேண்டும். மற்றவர்க்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவே மற்றவர்கள் தம் உணவை முன்னரே முடித்துக்கொண்டு, முஸ்லிம் நண்பர்களுக்காகச் சுவையான பண்டங்களைச் சமைத்து வைத்துப் பரிமாறினர். பசியைப் பொறுப்பதும் பிறர் பசியை ஆற்றுவதும் அங்கே ஒன்றாய்க் கலந்தன. அவ்விரண்டையும் அருகருகே வைத்து, பின்னதே பெரிது என்று ஈகை அதிகாரத்தில் தீர்ப்பளித்த வள்ளுவர் இக்காட்சியைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இக்கவனிப்பு பண்ணையின் வேலியோடு நின்றுவிடவில்லை. 1910-இல் டிரான்ஸ்வாலிலிருந்து நாடு கடத்தப்பட்ட தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கினர். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, தாய்நாட்டைக் கண்டே அறியாதவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடித்தந்து ஆதரித்தவர் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன். நாடு கடத்தினால் மனம் ஒடிந்துபோவார்கள் என்று ஆட்சியாளர் எண்ணினர். கடலுக்கு இப்பால் ஒருவர் இலை போட்டுக் காத்திருப்பார் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

பண்ணையில் சேர்த்த வலிமை 1913-இல் வெளிப்பட்டது. கிறிஸ்தவ முறையில் நடைபெறாத திருமணங்கள் செல்லா என்று பொருள்படும் தீர்ப்பொன்று அவ்வாண்டு மார்ச்சு மாதம் வந்தது. இதனால் பெண்கள் நேரே களம் புகுந்தனர். முன்பு பண்ணையில் வாழ்ந்த 11 பெண்கள் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஒருவர் கருவுற்றிருந்தார், அறுவர் கையில் குழந்தைகள் இருந்தன. எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் சென்று, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். அக்டோபரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அப்பெண்களுக்குத் தம் சிறு வீட்டைத் திறந்துவிட்டவர் டி. எம். லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். சுரங்க முதலாளிகளின் கோபத்துக்கு ஆளாகும் நிலையில் அவர் இருந்தார், எனினும் தயங்கவில்லை. அப்பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

வேலையை விட்டதோடு குடியிருப்பையும் இழந்த தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஒரு அவுன்சு சர்க்கரையுமே உணவு. அதற்கு முன் சார்ல்ஸ்டவுன் முகாமில் பருப்பில் சில நாள் தண்ணீர் மிகுந்துவிடும். சில நாள் சோறு வேகாதிருக்கும். எனினும் மக்கள் முகம் கோணாமல் உண்டனர் என்று காந்தியடிகளே பின்னர் எழுதியுள்ளார். தம் கையாலேயே பரிமாறியவர் அவர். வழியில் இரு கைக்குழந்தைகள் இறந்தன. தாய்மார் நடையை நிறுத்தவில்லை. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, சிறையில் பற்றிய காய்ச்சலால், பதினாறே வயதான தில்லையாடி வள்ளியம்மை மறைந்தாள். அவ்வாண்டிலேயே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. இந்தியர் திருமணங்களையும் ஏற்றது.

இவ்வெற்றிக்கு ஓர் எல்லை இருந்ததையும் நாம் மறைக்கலாகாது. அதே 1913-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பூர்வகுடி நிலச் சட்டம், ஆப்பிரிக்க மக்கள் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் ஏழு விழுக்காட்டளவு நிலத்துக்குள் ஒடுக்கியது. இந்தியரின் போராட்டம் அதனைத் தன் போராட்டமாகக் கொள்ளவில்லை. ஒரே அடுப்பைச் சுற்றி நான்கு சமயத்தாருக்கு இடமிருந்தது. அம்மண்ணின் மக்களுக்கு இடம் இருக்கவில்லை. அவ்வட்டம் விரிவடைய மேலும் ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது. ஜோகன்னஸ்பர்க்கின் தமிழர் சங்கத்துக்குத் தலைவராயிருந்து பலமுறை சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு, ஆப்பிரிக்கரோடு தோள் சேர்ந்து போராடி, 1963 முதல் பத்து ஆண்டுகள் ராபன் தீவுச் சிறையில் கழித்தார். பேத்தி சாந்தி நாயுடு, 1969-இல் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டும், வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார்.

வரலாற்றில் சிறை சென்றோர் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. திரிகை சுற்றியவர்கள், நோயாளியின் தலைமாட்டில் விழித்திருந்தவர்கள், பிறர் குழந்தைக்குச் சோறூட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் முன்னவர் நிமிர்ந்து நின்றது பின்னவரை நம்பித்தான். டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தமிழர் சங்கம் அமைத்து, விழாக் கொண்டாடி மகிழ்கிறோம், அது நன்றே. அச்சங்கத்தில் ஒருவர் கூலி மறுக்கப்பட்டோ, வீடு மறுக்கப்பட்டோ நியாயம் கேட்டு நிற்கும் நாளில், அவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்கிறதா என்று முதலில் பார்ப்போமாக.