ஒருசீர் வேலையும் விபத்தும்: பிரித்தானியக் களைப்பாய்வுகள் பற்றிய ஒரு குறிப்பு

தொழிலாளியின் களைப்பு ஆராயப்பட வேண்டியதொரு பொருள் எனப் பிரித்தானிய அரசு ஏற்றுக்கொண்டமைக்கு மனிதாபிமானத்திலும் பார்க்க யுத்தமே காரணமாயிற்று. போதிய எறிகணைகள் கிடையாத 1915ஆம் ஆண்டில், போர்த்தளபாடத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராயக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. வேலைநேரத்தைக் குறைப்பதால் உற்பத்தி குறைந்துவிடுவதில்லை என்பதை அக்குழுவுக்காக ஆய்ந்த எச். எம். வேர்ணன் காட்டினார். 1918இல் கைத்தொழிற் களைப்பு ஆராய்ச்சிச் சபை தோன்றியது.

அச்சபைக்காகக் கிறீன்வூட்டும் வூட்ஸும் 1919இல் எழுதிய அறிக்கை இங்கு விரிவாக நோக்கத்தக்கது. எறிகணை வேலையில் ஈடுபட்ட 647 பெண்களுள் 447 பேருக்கு ஐந்து வாரங்களில் விபத்து எதுவும் நேரவில்லை. 26 பேருக்கோ மும்முறை அல்லது அதற்கு மேலாக நேர்ந்தது. விபத்துக்குள்ளாகும் இயல்பினர் சிலர் உளர் என்னும் கருத்து இதிலிருந்தே வளர்ந்தது. முகாமைக்கு அது உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. ஆளை மாற்றுதல் வேலையை மாற்றுவதிலும் மலிவானதன்றோ! ஆனால், ஒரேவகை வேலை செய்தோரைத் தம்முள் ஒப்பிட்ட அம்முறையில், அவ்வேலையே எத்தகையது என்ற வினா எழுவதற்கு இடமிருக்கவில்லை.

அவ்வினாவை வையற், பிறேசர் ஆகியோரின் 1929ஆம் ஆண்டு அறிக்கை எழுப்பிற்று. ஒருசீரான வேலையிற் சலிப்புற்றோரின் வேகம் வேலைநேரத்தின் நடுவிலே தாழ்ந்து, முடிவு நெருங்குகையில் மீண்டும் உயர்ந்தது. தசைக்களைப்பு மட்டுமே காரணமாயின், இறுதியிலன்றோ வேகம் மிகவும் தாழ்ந்திருத்தல் வேண்டும்?

தெளிவான விடை இரண்டாவது யுத்தத்தோடு வந்தது. நீர்மூழ்கிகளைத் தேடிய விமானங்களின் றேடார் அவதானிகள், நேரஞ்செல்லச் செல்ல, திரையில் தோன்றிய அறிகுறிகளைத் தவறவிட்டனர். கேம்பிறிஜில் நோர்மன் மக்வேர்த், எண்களற்ற கடிகார முகமொன்றை அமைத்தார். அதன் முள் செக்கனுக்கு ஒரு படி நகரும். அரிதாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில், இரட்டைப் படி தாவும். அத்தாவலைக் கண்டதும் விசையை அழுத்துவதே வேலை. தனித்து இரண்டு மணிநேரம் இருந்த இளைஞர்கள் முதல் அரைமணியில் தவறவிட்டவை ஏறத்தாழ 15 வீதம். அடுத்த அரைமணியிலேயே அது 26 வீதமளவுக்கு உயர்ந்தது. 1948இல் வெளியான இவ்வாய்வு, ஆளை வேறோர் ஆளுடன் ஒப்பிடாது, அதே ஆளை முதல் அரைமணியில் அவன் இருந்த நிலையுடன் ஒப்பிட்டது. ஆகவே கவனக்குறைவை அவனது பிறவிக்குணமாகக் கொள்ள இயலாது போயிற்று. அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என மாற்றியமைத்தபோது அவ்வீழ்ச்சி தோன்றவேயில்லை.