மதிலுக்கு அப்பால் ஒரு கடிதம்

ஊரைவிட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்குக் கடிதத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கைப்பேசி வருவதற்கு முன்பு மாதுங்காவிலும் கரோல் பாகிலும் வாழ்ந்த தமிழர், தபால்காரர் வரும் நேரத்தை அறிந்து வாசலில் நின்ற நாட்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அந்தத் தொலைவு இரயில் கட்டணத்தால் கடக்கக்கூடிய தொலைவு. இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது சில அடி கனமே உள்ள ஒரு தொலைவை. அதுதான் சிறையின் மதில்.

சிறை சென்ற பெரியோர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்களுக்கும் வீட்டாருக்கும் இடையே கடிதம் எப்படி நடந்தது, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த மொழியில், யார் கண்பட்டு நடந்தது என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அது பாதிக்கு மேல் வெளியே காத்திருந்தவர்களின் வரலாறு.

மொழியிலிருந்தே தொடங்குவோம். வேற்று மொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு அது எளிதில் விளங்கும். 1909-ஆம் ஆண்டு காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் மூன்று மாதத் தண்டனை பெற்றுப் பிரிட்டோரியா சிறையில் இருந்தார். அந்தப் போராட்டத்தில் சிறை புகுந்தவர்களில் தமிழர்கள் முன்னணியில் நின்றார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். அப்போது கஸ்தூர்பா அம்மையார் கடும் நோயிலிருந்து முற்றும் தேறாத நிலையில் இருந்தார். அவருக்குக் குஜராத்தியில் எழுத அனுமதி வேண்டும் என்று காந்தியடிகள் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று விடை வந்தது. தம் கடிதம் நோயாளிக்கு மருந்தாகும், அந்த மருந்தை அவர் அறிந்த மொழியில்தான் தர முடியும் என்று எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை. காந்தியடிகள் ஆங்கிலத்தில் மனைவிக்கு எழுத மறுத்துவிட்டார்.

இதற்கு முந்திய ஆண்டு, 1908 நவம்பரில், வோல்க்ஸ்ரஸ்ட் சிறையிலிருந்து அவர் அம்மையாருக்கு எழுதியிருந்தார். அபராதம் கட்டினால் வெளியே வந்து பணிவிடை செய்யலாம், ஆனால் அது தம்மால் ஆகாது என்று வெளிப்படையாகத் தெரிவித்த கடிதம் அது. படிப்பவர் நெஞ்சைச் சற்றே உறுத்தும் கடிதமும்கூட. படுக்கையில் கிடந்த பெண்மணி அதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. எனினும் அவருக்கு அது தம் மொழியில் கிடைத்தது. மறு ஆண்டு அதுவும் இல்லை.

பிரிட்டோரியாவில் மாதம் ஒரு கடிதம் எழுதலாம், ஒரு கடிதம் பெறலாம் என்பது விதி. அந்த ஒன்றை யாருக்கு எழுதுவது என்பதே ஒரு சிக்கல். 1909 மார்ச்சு 25-ஆம் நாள் அந்தக் கடிதத்தைக் காந்தியடிகள் தம் மகன் மணிலாலுக்கு எழுதினார். மணிலாலுக்கு அப்போது வயது பதினாறு. தாயைப் பேணுவதும், அவருடைய நோய்க்காலச் சினத்தை முகம் கோணாமல் தாங்கிக்கொள்வதும் பள்ளிப் படிப்பிற்குக் குறைந்த கல்வியல்ல என்று அதில் அறிவுறுத்தினார். வீட்டுப் பொறுப்பு, கணக்கு, தோட்டவேலை, வடமொழி என்று ஒரு மாதத்துக்கு வேண்டிய அனைத்தையும் அந்த ஒரே தாளில் அடக்க வேண்டியிருந்தது. மாதத்தில் ஒரு முறையே வாய் திறக்கக்கூடிய தகப்பன் என்ன பேசுவான் என்பதற்கு அந்தக் கடிதத்தைவிட நல்ல சான்று நாம் கண்டதில்லை.

இந்தியச் சிறைகளின் விதி அதனினும் கடுமை. 1922-இல் எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டபோது காந்தியடிகளுக்குக் கிடைத்த உரிமை மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம். முதல் கடிதத்தை ஹக்கீம் அஜ்மல் கானுக்கு எழுதினார். அதில் சிறை வாழ்வைப் பற்றிய செய்திகள் இருந்தமையால் அரசாங்கம் அதை அனுப்பவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல விடாத கடிதம் வேண்டாம் என்று அவர் அந்த உரிமையையே துறந்தார்.

அந்தமானில் இன்னும் மோசம். 1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் அரசியல் கைதி ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். 1911-இல் அங்குச் சென்ற விநாயக தாமோதர சாவர்க்கர் தம் மனைவியை மறுபடி கண்டது 1919-இல். அவருடைய தமையனாரும் அதே சிறையில்தான் இருந்தார். ஒரே கட்டடத்துள் இருந்த உடன்பிறந்தாருக்கும் கடல்கடந்த தொலைவே இருந்தது.

நம்மவர் கதை என்று கேட்பீர்களாயின், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களை நினைவுகூர்வோம். 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. தம்பியின் சித்தம் திரும்பவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தபின் 1910 டிசம்பரில் பிள்ளையவர்கள் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். பொருநைக் கரையில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கண்ணூர் அயல்மொழி வழங்கும் கடற்கரை. 1912 டிசம்பர் வரை அங்கிருந்த அவர், உடனிருந்த கைதிகளுக்கு அறம் கற்பிக்க 'மெய்யறம்' இயற்றினார். வீட்டாரிடம் பேச வழி அடைபட்டவர் பக்கத்து அறைக்காரனைப் பிள்ளையாகக் கொண்டார் போலும்.

இவ்வாறு அடைபட்ட பேச்சு வேறு வழியில் பாய்ந்ததற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஜவாஹர்லால் நேருவின் கடிதங்கள். 1930 அக்டோபர் 11-ஆம் நாள் விடுதலையான நேரு, எட்டே நாளில் மீண்டும் நைனி சிறைக்குள் சென்றார். அக்டோபர் 26-ஆம் நாள், இந்து முறைப் பஞ்சாங்கப்படி, மகள் இந்திராவின் பதின்மூன்றாவது பிறந்த நாள். சிறையிலிருந்து பரிசு அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? எழுதத் தொடங்கினார். 1933 ஆகஸ்டு 9 வரை, நைனியிலும் பரேலியிலும் டேராடூனிலுமாக, 196 கடிதங்கள் ஆயின. உலக வரலாறு முழுவதும் அவற்றுள் அடங்கிற்று.

அக்கடிதங்கள் நூலாக வந்தபின் படித்த நம்மில் பலர், சிறுமி இந்திரா வாரந்தோறும் தபாலில் அவற்றைப் பெற்று மகிழ்ந்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. சிறை விதிப்படி பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம்தான் வெளியே போகலாம். மிகுதியெல்லாம் அவருடைய அறையிலேயே அடுக்கடுக்காகக் கிடந்தன. மகள் எதிரே இருப்பதாகப் பாவித்து, அவள் பின்னொரு நாள் படிப்பாள் என்று நம்பி எழுதிய கடிதங்கள் அவை. 1931 புத்தாண்டு நாளில் கமலா அம்மையாரும் கைதாகி இலக்குமணபுரிச் சிறைக்குச் சென்றார். தாயும் தந்தையும் வெவ்வேறு சிறையில். வீட்டில் ஒரு சிறுமி. இந்தச் சூழலை மறந்து அந்நூலைப் படித்தால் அது வெறும் சரித்திரப் பாடமாகிவிடும்.

வடநாட்டில் முலாகாத் என்பர். நம் ஊரில் மனுப் போட்டுப் பார்ப்பது என்போம். கைதியை வீட்டார் நேரில் காணும் அந்தச் சிறு பொழுதைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1932-இல் நேருவின் தாயார் சொரூபராணி அம்மையாரும் கமலா அம்மையாரும் அலகாபாத் சிறையில் இருந்த மருமகன் ரஞ்சித் பண்டிதரைப் பார்க்கச் சென்றார்கள். அங்கே சிறை அதிகாரி அவர்களை அவமதித்து வெளியேற்றினார். டேராடூனில் இருந்த நேருவுக்குச் செய்தி எட்டியது. தம்மைப் பார்க்க வந்தும் முதிய தாய் அப்படி ஓர் இழிவுக்கு ஆளாகக் கூடாது என்று, ஏறத்தாழ ஏழு மாதம் எவரையும் சந்திக்காமலே இருந்தார். அவமதித்தவர் இழந்தது ஒன்றுமில்லை. இழப்பெல்லாம் தாய்க்கும் மகனுக்கும்தான்.

அடுத்து நாம் சொல்லப்போவது மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களைப் பற்றி. 1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் விடியற்காலையில் பம்பாயில் கைதான காங்கிரஸ் செயற்குழுவினர் அகமதுநகர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். அவர்கள் இருக்கும் இடமே வெளியுலகுக்கு மறைக்கப்பட்டது. முதலில் கடிதமும் இல்லை, செய்தித்தாளும் இல்லை. மௌலானா அதிகாலை இருளில் எழுந்து, தாமே தேநீர் வைத்துக்கொண்டு, தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அனுப்ப முடியாது என்று அறிந்தே எழுதினார். தேநீரின் சுவை, அறையில் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளோடு நடந்த போர், இசை, இறைவன் என்று பேச்சு எங்கெங்கோ செல்லும். 'குபாரெ காத்திர்' என்ற பெயரில் 1946-இல் வெளிவந்த அந்த உருது நூல் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது.

அந்நூலில் 1943 ஏப்ரல் 11-ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று உண்டு. இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 9-ஆம் நாள், அவருடைய மனைவி சுலைகா பேகம் கல்கத்தாவில் காலமாகியிருந்தார். முந்திய ஆகஸ்டு 3-ஆம் நாள் பம்பாய்க்குப் புறப்பட்டபோது, வழக்கம்போல் அம்மையார் வாசல்வரை வந்தார். 13-ஆம் நாளுக்குள் திரும்பிவிடலாம் என்று கணவர் சொன்னார். அம்மையார் இறைவன் காப்பானாக என்ற ஒரு சொல்லுக்குமேல் பேசவில்லை. அவர்களுக்கு அதுவே கடைசிச் சந்திப்பு.

நோய் முற்றிய செய்தி மார்ச்சு மாதத்தில் கோட்டைக்கு வந்தது. அரசாங்கத்துக்கு ஏதேனும் விண்ணப்பிக்க விரும்பினால் உடனே அனுப்பிவைப்பதாகச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்தார். நேருவும் வந்து பேசிப் பார்த்தார். மௌலானா இணங்கவில்லை. அந்நிய அரசிடம் சலுகை கேட்பதில்லை என்பது அவர் கொண்ட உறுதி. ஆனால் அந்த உறுதி எளிதாயிருந்ததாக அவர் பாசாங்கு செய்யவில்லை. நாள்தோறும் செய்தித்தாள் வரும் வேளையில் கண்காணிப்பாளரின் காலடியோசை கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதை மறைத்து, ஒன்றும் நேராதவர் போல் வழக்கமான அலுவலைத் தொடர்வார். அந்த அமைதியில் தம் செருக்குக்கும் பங்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெரியவர்களின் உறுதியைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நமக்கோ அக்கடிதத்தின் உயிரே அதுதான் என்று தோன்றுகிறது.

கோட்டைக்குள் பெயர் தெரியாத ஒரு பழைய கல்லறை இருந்தது. எத்தனையோ முறை கண்ட கல்லறைதான். மனைவி மறைந்த செய்திக்குப்பின் அதன்மேல் தமக்குப் புதியதொரு பற்று உண்டாயிற்று என்று அக்கடிதத்தில் எழுதுகிறார். 1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா சேர்ந்தபோது, வரவேற்க வந்த பெருங்கூட்டத்தைக் கடந்து, வீட்டுக்குச் செல்லும் முன்பே மனைவியின் அடக்கத்தலத்துக்குச் சென்றார்.

விடுதலைக்குப் பிறகு நிலைமை உடனே மாறிவிட்டதா என்றால், இல்லை. சிறைச் சட்டம் 1894-இல் இயற்றப்பட்ட அதே சட்டமாகவே நெடுங்காலம் நின்றது. மாற்றம் வழக்குகளின் வழியாக வந்தது. பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பம்பாயில் காவலில் இருந்த பிரபாகர் சான்ஸ்கிரி, அணுவின் உட்பொருளை விளக்கி மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அதை அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார். அரசு மறுத்தது. அணுவைப் பற்றிய பாடநூலால் நாட்டுக்கு என்ன தீங்கு நேரும் என்று எவரும் வியப்பர். 1965-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கையெழுத்துப் பிரதி மனைவிக்குச் செல்ல வழி பிறந்தது.

பின்னர், தில்லி திகார் சிறையில் மரணதண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்காக அன்று. வேறொரு கைதியைப் பார்க்க வரும் உறவினரிடமிருந்து பணம் கறப்பதற்காக, அக்கைதியைக் காவலர் கொடுமைப்படுத்தினர் என்பது அதில் கண்ட குற்றச்சாட்டு. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், முன்னர்க் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையை வகித்தவர். உற்றாரைக் காண்பது சிறைப்பட்டவனுக்கு உள்ள ஆறுதல், ஒழுங்குக்கு உட்பட்டு அதை மறுக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்துகளுள் ஒன்று. 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில், காவலில் உள்ளவர் குடும்பத்தாரைச் சந்திப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் உறுதி செய்தது. மாதம் ஒரு சந்திப்பு என்ற கட்டுப்பாடு நியாயமற்றது என்றும் கூறிற்று.

இன்று பல சிறைகளில் முன்பதிவு செய்து காணொளி வழியாகவும் உறவினரைப் பார்க்க முடிகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். உள்ளூர் மொழி அறியாமல் வெளி மாநிலத்துச் சிறை வாசலில் நிற்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும். கடிதமோ இன்னும் அதிகாரி படித்த பின்னரே கைதியின் கைக்குச் சேர்கிறது. அவர் அறியாத எழுத்தில் எழுதிய கடிதம், படித்துச் சொல்வார் ஒருவர் கிடைக்கும்வரை அலுவலக மேசையிலேயே காத்திருக்க நேரும். ஆயினும் ஊரிலிருக்கும் தாய்க்குத் தமிழல்லாமல் வேறு எந்த எழுத்தில் எழுதத் தெரியும்?